கட்டாய நன்றி

பிரபஞ்சத்துக்கு எத்தனையோ இடங்களில் அலுவலகம் இருக்கலாம். எனக்குத் தெரிந்தது, நான் சட்டை கொடுக்கும் சலவைக் கடைக்கு நேர் மேலே, முதல் மாடியில் இருந்தது. 'அண்டசக்தி ஆற்றலாளர் பேரவை' என்று வாசலில் ஒரு பலகை. அதற்குக் கீழே, 'இங்கே சக்தி விற்கப்படுவதில்லை' என்று இன்னொன்று. அதற்கும் கீழே, 'குடைகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல' என்று மூன்றாவது. இந்த மூன்றில் உண்மையானது எது என்று கேட்டால், குடையைப் பற்றியதை மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். என் குடை அங்கேதான் போனது.

பேரவையின் வேலை இதுதான். நோயாளியைப் படுக்கவைத்து, அவர் உடம்பைத் தொடாமல், ஒரு சாண் உயரத்தில் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பிரபஞ்சத்தின் சக்தி அவர்கள் உச்சந்தலையில் இறங்கி, கை வழியாக நோயாளிக்குள் போகும். அது உண்மையா பொய்யா என்று என்னைக் கேட்காதீர்கள். எல்லாரும் நல்லவர்கள், யாருக்கும் கெடுதல் நினைக்காதவர்கள், துவைத்து இஸ்திரி போட்ட வெள்ளை அங்கி இல்லாமல் யாரையும் குணப்படுத்தாதவர்கள். அவர்களுக்கு இருந்த ஒரே தலைவலி காசு. வாங்கினால் சக்தி கெட்டுப்போகும். வாங்காவிட்டால் வாடகை நின்றுபோகும். இந்தத் தலைவலிக்கு மட்டும் அவர்கள் கையில் வைத்தியம் இல்லை.

கீழே இருந்த சலவைக் கடை ஒரு தம்பதியுடையது. துவைப்பது, உலர்த்துவது, பிரிப்பது, அறுந்த பொத்தானைத் தைப்பது, வாடிக்கையாளர் சத்தம் போட்டால் கேட்டுக்கொள்வது, இதெல்லாம் மனைவி. இஸ்திரிப் பெட்டியும் கல்லாச் சாவியும் கணவர். பெட்டியை அவர் யாரிடமும் கொடுக்க மாட்டார். சாவியைச் சட்டைப் பையில் வைத்து, அது இருக்கிறதா என்று அடிக்கடி தட்டிப் பார்த்துக்கொள்வார். 'கொஞ்ச நேரம் நான் போடறேனே' என்று மனைவி எப்போதாவது கேட்பதுண்டு. 'உனக்கு மடிப்பு வராது' என்பது அவருடைய நிரந்தரமான பதில்.

அப்படிப்பட்டவருக்கு வலது தோள் பிடித்துக்கொண்டது. ஒரு காலையில் கையைத் தூக்கினார். அது காது வரைக்கும் வந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, சில வாரம் பெட்டியைத் தொடக் கூடாது, தொட்டால் தோள் இறுகிப்போய்விடும், அப்புறம் கை அவ்வளவுதான் என்று சொல்லி அனுப்பினார். மாத்திரையை விழுங்கிவிட்டார். ஓய்வைத்தான் விழுங்க முடியவில்லை. கை போனால் கடை போகும், கடை போனால் வேறு எதுவும் தெரியாது. இந்தப் பயத்தில் அவர் முன்னைவிட அதிகமாக இஸ்திரி போட்டார்.

"நான் போடறேங்க. கை சரியாகற வரைக்கும்," என்றார் மனைவி.

"உனக்கு மடிப்பு வராது."

அன்று இருட்டும் நேரத்தில் மாடிக்கு அங்கிகளை எடுத்துக்கொண்டு போனபோது, அடுக்கை மேஜைமேல் வைக்க முடியாமல் பல்லைக் கடித்தார். அதைப் பேரவைத் தலைவர் பார்த்துவிட்டார். தலைவர் முன்பு குளிர்சாதனப் பெட்டிக் கடையில் விற்பனை மேலாளராக இருந்தவர். அந்தக் குளுமை இன்னும் அவர் குரலில் மிச்சம் இருந்தது.

"படுங்க," என்றார்.

"எவ்வளவு ஆகும்ங்க ஐயா?"

தலைவர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். "அந்த வார்த்தையை இந்த அறையில சொல்லாதீங்க. காத்துக்குக் காசு கொடுக்கறீங்களா? வெயிலுக்குக் கொடுக்கறீங்களா?"

"தண்ணிக்குக் கொடுக்கறேங்க."

"அது குழாய்க்கு."

"சரிங்க."

"நாங்களும் வெறும் குழாய்தான்," என்றார் தலைவர் அடக்கமாக. இஸ்திரிக்காரர் அதன் உட்பொருளை அப்போது யோசித்திருக்கலாம். வலியில் யோசிக்கவில்லை.

சிகிச்சை சுகமாகத்தான் இருந்தது. மெத்தை மெதுவாக, விசிறி வேகமாக, யாரும் 'என் சட்டை ஆச்சா' என்று கேட்காத இடமாக இருந்தால் யாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். முடிந்ததும் தலைவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவர் கைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி, அதன்மேல் ஒரு வெண்கலத் தட்டு. இஸ்திரிக்காரர் எழுந்து உட்கார்ந்தார். தலைவர் கண்ணைத் திறக்கவில்லை. இவர் கொஞ்ச நேரம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். தலைவர் லேசாகத் தலையை ஆட்டினார், ஆனால் திறக்கவில்லை. பாவம், நமக்காகச் சக்தியெல்லாம் செலவாகி அசந்து தூங்குகிறார் என்று இஸ்திரிக்காரருக்கு மனசு இளகிவிட்டது. நுனிக்காலால் நடந்து, விளக்கையும் விசிறியையும் அணைத்து, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தார். இருட்டில் வியர்த்துக்கொண்டு தலைவர் எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்பதைப் பேரவை இன்றுவரை வெளியிடவில்லை.

மறுநாள் பரிமாற்றப் பொறுப்பாளர் அம்மாள் கடைக்கு இறங்கி வந்தார். மற்ற சங்கங்களில் இவரைப் பொருளாளர் என்பார்கள். காசே வாங்காத இடத்தில் பொருளாளர் இருந்தால் நன்றாக இருக்காது என்று பெயரை மாற்றி வைத்திருந்தார்கள். வேலையை மாற்றவில்லை.

"நேத்து ஐயா கண்ணை மூடினாரே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"அசந்துட்டாருன்னு நினைச்சேம்மா."

"நன்றி சொல்லிக்கிட்டு இருந்தார்."

"யாருக்கு?"

"நீங்க தட்டுல வைக்கப்போறதுக்கு."

இஸ்திரிக்காரர் திருதிருவென்று விழித்தார். "காசு வாங்கறதில்லைன்னு சொன்னாரேம்மா."

"வாங்கறதில்லையே. அதுக்குத்தானே கண்ணை மூடறோம். தட்டுல சத்தம் கேக்கும். கண்ணைத் திறப்போம். பார்த்து ஆச்சரியப்படுவோம். இரண்டாம் நிலைப் பயிற்சியில இதுக்குன்னே ஒரு பாடம் இருக்கு."

"ஆச்சரியப்படறதுக்கா?"

"தினமும் ஆச்சரியப்படறது சும்மா இல்லைங்க."

"காசு வெச்சா சத்தம் கேக்கும். நோட்டு வெச்சா கேக்காதேம்மா?"

"நோட்டு வெச்சா நல்லாவே கேக்கும்," என்றார் அம்மாள்.

உள்ளே பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி ஊசியைப் பார்த்தார்.

காசுக்குப் பதிலாக ஒரு மாதம் அங்கிகளுக்கு இஸ்திரி போட்டுத் தருகிறேனே என்று இவர் கேட்டுப் பார்த்தார். அம்மாள் வருத்தத்தோடு மறுத்துவிட்டார். உழைப்பு கனமான சக்தியாம், மாடி ஏறாதாம். காசுதான் லேசானதாம். 'பிரபஞ்சம் உங்ககிட்ட எதையும் எதிர்பார்க்கல. ஆனா நீங்க வைக்கலைன்னா அதுக்கு மனசு கஷ்டமாயிடும்' என்றார். பிரபஞ்சத்தின் மனசைக் கஷ்டப்படுத்தும் அளவுக்குத் தனக்குச் செல்வாக்கு இருப்பது இஸ்திரிக்காரருக்கு அதுவரை தெரியாது. பெட்டியை வைத்துவிட்டு, முடிந்திருந்த அங்கியை எடுத்து அம்மாளிடம் நீட்டினார். வாங்கும்போது அம்மாளின் விரல்கள் அவர் உள்ளங்கையில் பட்டன.

அம்மாள் அங்கியைக் கீழே போட்டுவிட்டார்.

"உங்க கை," என்றார். "சுடுது."

"ஆமாம்மா, இப்பத்தான்..."

அம்மாள் அதற்குள் படியில் பாதி ஏறிவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கை சுடுவதுதான் பேரவையில் எல்லாம். முதல் நிலைப் பயிற்சி முடித்தவர் கை வெதுவெதுப்பாகும், இரண்டாம் நிலையில் சூடாகும், மூன்றாம் நிலையில் தகிக்கும் என்பது பாடத்திட்டம். அம்மாள் மூன்று நிலைக்கும் காணிக்கை செலுத்தி முடித்து வெகு நாளாகிறது. அவர் கை இன்னும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்த வெள்ளரிக்காய் மாதிரிதான் இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. கைகுலுக்குவதையே நிறுத்திவிட்டார்.

தலைவர் இறங்கி வந்து இஸ்திரிக்காரரின் கையை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். நெற்றியில் வைத்துப் பார்த்தார்.

"பிறவிக் குழாய்," என்றார்.

"ஐயா, பெட்டியைப் பிடிச்ச கை. அதான் சுடுது."

"பெட்டி ஒரு சாக்கு. சக்தி எப்பவும் ஒரு சாக்கு தேடும்," என்று சொன்ன தலைவரின் முகம் மெல்ல இருண்டது. அவருக்குள் இருந்த விற்பனை மேலாளர் விழித்துக்கொண்டுவிட்டார். காசு கட்டியவர்கள் கை சில்லென்று இருக்கிறது, கட்டாதவன் கை கொதிக்கிறது. இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும்?

"நான் யார்கிட்டயும் சொல்லலைங்க," என்றார் இஸ்திரிக்காரர், என்ன குற்றம் என்று தெரியாமலே.

"ஒரு வழி இருக்கு. மூணு நிலைக்கும் உள்ள காணிக்கையை நீங்க இப்ப கட்டிடுங்க. எல்லாம் முறையாயிடும்."

"நான் எதுவும் கத்துக்கலையேங்க."

"கத்துக்காமலே வந்திருக்கு. அப்ப எவ்வளவு பாக்கி இருக்குன்னு பாருங்க."

இவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அந்த நேரத்தில் வாசலில் இருந்து ஒரு குரல், "கட்டக் கூடாது," என்றது. ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர் பேரவையில் இருந்தார். சக்தியைச் சும்மாதான் கொடுக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நிற்பவர். பேரவையின் இலவச அணி முழுவதும் அவர்தான். அவர் இஸ்திரிக்காரரின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். "பைசா செலவில்லாம இவர் கை சுடுது. இதைவிட என்ன சாட்சி வேணும்?" என்றார். ஆக ஒரு கை கட்டண அணியிடமும் ஒரு கை இலவச அணியிடமும் மாட்டிக்கொண்டு இஸ்திரிக்காரர் நடுவில் நின்றார். வலித்தது வலது கைதான். அது கட்டண அணியிடம் இருந்தது.

கட்டணம் வாங்கலாமா, கூடாதா என்று தீர்மானிக்கப் பொதுச்சபை கூடும் என்று அறிவித்தார்கள். அதுவரைக்கும் சாட்சி பத்திரமாக இருக்க வேண்டும் அல்லவா. இஸ்திரிக்காரர் தினமும் காலையில் மாடிக்கு வந்து, இரண்டு கையையும் ஒரு வெள்ளைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும், அந்தக் கையால் வேறு எதையும் தொடக் கூடாது என்று முடிவானது. சபை அவரை ஏற்றுக்கொண்டால் தனி நாற்காலி, பெயர் தைத்த அங்கி, தட்டில் விழும் நன்றியில் பாதி. பெட்டியைத் தூக்காமல் காலம் தள்ளலாம், தோள் தப்பிக்கும், கடை போனாலும் பிழைக்கலாம். கசக்கவா செய்யும்? அவர் சம்மதித்தார்.

"கடையை யார் பார்க்கறது?" என்று மட்டும் மனைவியிடம் கேட்டார்.

"நான்தான்," என்றார் மனைவி.

அவர் கொஞ்சம் தயங்கினார். "மடிப்பு..." என்று ஆரம்பித்தார். மனைவி அதற்குள் பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டார். சாவியை மட்டும் அவர் பையில் தட்டிப் பார்த்துக்கொண்டு மாடி ஏறினார்.

தலையணைமேல் கை வைத்து உட்காருவது லேசான வேலை இல்லை. தலைவர் காலையில் ஒரு தடவை கண்ணை மூடி, பிற்பாடு வசூலித்துக்கொள்ளும் கணக்கில், தோளுக்குச் சக்தி கொடுப்பார். அவர் போனதும் நில அளவையர் வந்து இலவசமாகக் கொடுப்பார். நில அளவையர் கொடுக்கும்போது தன் கதையைச் சொல்வார். முதல் வேலை, முதல் இடமாற்றம், மேலதிகாரி செய்த அநியாயம், மருமகள் காப்பியில் சர்க்கரையைக் குறைத்தது. தலைவருடைய சிகிச்சைக்குக் காசு போதும். இவருடைய இலவசத்துக்கு அரைநாள் ஆகும்.

ஆனால் தோள் சரியாகிக்கொண்டு வந்தது. அதை மறைக்க முடியாது. சாயங்காலம் கடைக்கு இறங்கியதும் கையைத் தூக்கிக் காட்டுவார். முதலில் காதைத் தாண்டியது. அப்புறம் தலையைத் தாண்டியது.

"மேல போகுது பாரு," என்பார்.

"நல்லதுங்க," என்பார் மனைவி, மடித்துக்கொண்டே.

"இன்னிக்குத் துணி குறைச்சலோ? எல்லாம் முடிஞ்சிருக்கு?"

"இல்லீங்க, நிறையத்தான்."

அவர் ஒரு சட்டையை எடுத்துக் கழுத்துப்பட்டையைப் பார்ப்பார். குற்றம் சொல்ல ஒன்றும் கிடைக்காது. 'ம்' என்று வைத்துவிடுவார். அந்த நாட்களில் என் சட்டைகளின் கழுத்து நின்றது மாதிரி அதற்கு முன் எப்போதும் நின்றதில்லை. அவர் கை தேறிவிட்டதாக நானும் நினைத்துக்கொண்டேன். யார் கை என்று நானும் கேட்கவில்லை.

பொதுச்சபை கூடிய அன்று மாடியில் எள் போட இடமில்லை. இஸ்திரிக்காரர் நடுவில், தலையணையோடு. ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சக்தி வந்துபோக வசதியாக அவை எப்போதும் திறந்தே இருக்கும். கீழே இருந்து பெட்டியை மேஜையில் வைக்கும் சத்தம் நடுநடுவே கேட்டுக்கொண்டிருந்தது.

தலைவர் முதலில் பேசினார்.

"நான் பணத்தைத் தொட்டு எவ்வளவோ வருஷமாச்சு. என் மனைவிதான் எண்ணறாங்க. எங்க வீட்டுல எவ்வளவு இருக்குன்னு எனக்குத் தெரியாது. அந்த அளவுக்கு நான் பற்றில்லாம இருக்கேன்." கைதட்டல். "கட்டணம் வாங்கறது தப்பு. ஆனா அன்பானவர்களே, சும்மா கொடுத்தா மதிப்பு இருக்காது. ஒருத்தர் நமக்குச் சும்மா செஞ்சுகிட்டே இருந்தா, அவங்க செய்யறதே நம்ம கண்ணுக்குத் தெரியாமப் போயிடும். அந்தப் பாவத்துக்கு நோயாளியை ஆளாக்கக் கூடாதுன்னுதான் நான் தட்டையே வெச்சேன். நோயாளி மேல இருக்கற கருணையாலதான் கொஞ்சம் பெரிய தட்டா வெச்சேன்."

கீழே பெட்டிச் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

பின் வரிசையில் இருந்து புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுந்து, "ஐயா, முதல் நிலையில கையை எப்படி வைக்கணும்னு கத்துக்கிட்டோம். இரண்டாம் நிலையில கண்ணை எப்படி மூடணும்னு கத்துக்கிட்டோம். மூணாம் நிலையில என்ன ஐயா?" என்று கேட்டார்.

"முதல் இரண்டு நிலையையும் மத்தவங்களுக்கு எப்படிக் கத்துக்கொடுக்கறதுன்னு."

"அதுக்கு ஏன் ஐயா அவ்வளவு காணிக்கை?"

"அதுலதானேப்பா கட்டினது எல்லாம் திரும்ப வருது," என்றார் தலைவர் சாந்தமாக. சபையில் யாருக்கும் இது விபரீதமாகப் படவில்லை. பலர் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்து பரிமாற்றப் பொறுப்பாளர் அம்மாள். வெளியூரில் இருக்கும் நோயாளிகளுக்குச் சக்தி அனுப்புவதற்குத் தூரத்துக்கு ஏற்ப நன்றி நிர்ணயிக்க வேண்டும் என்றார். சக்திக்குத் தூரமே கிடையாது என்று பாடத்தில் இருக்கிறதே என்று யாரோ முணுமுணுத்தார்கள். "சக்திக்குக் கிடையாது. அனுப்பறவங்களுக்கு உண்டு. போன வாரம் கடல் தாண்டி ஒருத்தருக்கு அனுப்பினேன். ராத்திரி முழுக்க முழங்கால் வலி," என்றார். அந்த முழங்காலுக்குச் சபை ஒரு நிமிடம் சக்தி அனுப்பியது. அறைக்குள்ளேயே இருந்ததால் நன்றி தேவைப்படவில்லை.

நில அளவையருக்குக் கடைசியில்தான் இடம் கிடைத்தது.

"நான் யார்கிட்டயும் எதுவும் வாங்கினதில்லை. கேக்கறவங்களுக்குத்தான் கொடுக்கணும்னும் நினைச்சதில்லை. பஸ்ல எதிர்ல உக்காந்திருக்கறவங்களைப் பார்த்துக் கையை நீட்டிடுவேன். பெரும்பாலும் அடுத்த நிறுத்தத்துலயே இறங்கிடுவாங்க. அவ்வளவு சீக்கிரம் குணமாயிடுது. ஒருத்தர்கூட நன்றி சொன்னதில்லை. சொல்லணும்னு நான் எதிர்பார்க்கவும் இல்லை." இங்கே அவர் குரல் உடைந்தது. "ஆனா சொல்லியிருக்கலாம்."

இதற்கு மட்டும் தலைவருக்கே கண் கலங்கிவிட்டது. இரண்டு அணியும் ஒன்றுபடும் இடம் அதுதான் என்று அவர் கண்டுகொண்டார். அங்கேயே தீர்மானம் உருவானது. இன்றுமுதல் பேரவையில் கட்டணம் கிடையாது. கட்டாய நன்றி மட்டும் உண்டு. நன்றி முன்கூட்டியே செலுத்தப்படலாம், தவணையிலும் செலுத்தப்படலாம், ஒருபோதும் திருப்பித் தரப்பட மாட்டாது, ஏனென்றால் கொடுத்த நன்றியைத் திருப்பிக் கேட்பது பண்பாடு அல்ல. நில அளவையரும் கை தூக்கினார். நன்றி என்ற சொல் தீர்மானத்தில் வந்ததே அவருக்குப் போதுமாக இருந்தது.

"இப்ப நம்ம பிறவிக் குழாயை ஏத்துக்கலாம்," என்றார் தலைவர். பெயர் தைத்த புது அங்கி இஸ்திரிக்காகக் கீழே போயிருந்தது. அதை எடுத்துவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டு, சபை அறிய அந்தக் கையைச் சோதிப்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு இஸ்திரிக்காரரின் உள்ளங்கையைப் பிடித்தார்.

பிடித்தபடியே இருந்தார். அவர் முகத்தில் புன்னகை வந்து, யோசித்து, திரும்பிப் போனது.

கை சில்லென்று இருந்தது.

இத்தனை நாள் பெட்டியைத் தொடாமல் தலையணைமேல் வைத்திருந்த கை வேறு எப்படி இருக்கும்? நாற்காலி, அங்கி, பாதி நன்றி எல்லாம் அந்த உள்ளங்கை வழியாக ஓடுவது இஸ்திரிக்காரருக்கே தெரிந்தது. அம்மாள் எட்டி அவர் விரலைத் தொட்டுப் பார்த்தார். அம்மாள் முகத்தில், நான் சொல்லக் கூடாது, ஒரு நிம்மதி தெரிந்தது.

"அவசரப்படாதீங்க. சக்தி இந்த அறையிலதான் இருக்கு. எனக்குத் தெரியுது," என்றார் தலைவர், கண்ணைத் திறக்காமல். இரண்டு கையையும் முன்னால் நீட்டி, இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரி நடந்தார். அங்கியை எடுத்துக்கொண்டு அப்போதுதான் உள்ளே வந்த ஒருவரின் கை அவருக்கு அகப்பட்டது.

"இதோ," என்று கத்திவிட்டார். "கொதிக்குது."

கண்ணைத் திறந்தார். இஸ்திரிக்காரரின் மனைவி திகைத்து நின்றுகொண்டிருந்தார்.

சபை கொந்தளித்துவிட்டது. சக்தி கணவரை விட்டு மனைவிக்குப் போயிருக்கிறது என்றால் கணவர் மனைவிக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்றுதானே அர்த்தம்? அனுமதி இல்லாத போதனை. அம்மாள் இஸ்திரிக்காரர் பக்கம் திரும்பினார்.

"இவங்ககிட்ட எவ்வளவு வாங்கினீங்க?"

"ஒண்ணும் வாங்கலைம்மா."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"ஒண்ணும் கொடுக்கலை."

"ரெண்டு பக்கமும் பரிமாற்றமே இல்லையா?" என்றார் அம்மாள், நிஜமாகவே அதிர்ந்துபோய்.

இஸ்திரிக்காரர் மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி அங்கியைச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டுவதற்காக வலது கையைத் தூக்கினார். கை காது வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. மனைவி பல்லைக் கடித்து, இடது கையால் வலது கையைக் கொஞ்சம் ஏந்திக்கொடுத்து, முடியாமல் இறக்கினார்.

கை நின்ற அந்த இடம் இஸ்திரிக்காரருக்கு நன்றாகத் தெரியும். டாக்டர் சொன்ன ஓய்வு தனக்கு எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவர் மண்டையில் ஏறியது. தோளைத் தலைவர் குணப்படுத்தவில்லை, நில அளவையரும் குணப்படுத்தவில்லை. தன் வலியை இன்னொருத்தி தோளில் இறக்கிவைத்துவிட்டு, தினமும் சாயங்காலம் அவள் முன்னாலேயே கையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இந்த அம்மாவுக்குத் தோள் பிடிச்சிருக்கு போல. படுக்கச் சொல்லுங்க. இனிமே கட்டணமே கிடையாது," என்றார் தலைவர் கருணையோடு.

இஸ்திரிக்காரர் எழுந்தார். அங்கியை வாங்கி, கையை நன்றாக உயர்த்தி, கொக்கியில் மாட்டினார். தலையணையை நாற்காலிமேல் வைத்தார். "வா," என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு இறங்கினார். பின்னாலேயே அம்மாளின் குரல், மூன்று நிலைக்குமான நன்றியைத் தம்பதியாகச் செலுத்தினால் சலுகை உண்டு என்று சொல்லிக்கொண்டே படி பாதி வரைக்கும் வந்தது.

கடையில் மனைவியை ஸ்டூலில் உட்காரவைத்தார். மீதி இருந்த துணிகளை அவரே எடுத்துப் பெட்டியைப் பிடித்தார்.

"ஏன் சொல்லலை?" என்றார் அவர்.

"உங்க கை மேல போய்க்கிட்டிருந்துச்சே. அது நிக்க வேண்டாம்னு பார்த்தேன்."

அவர் ஒரு சட்டையை இரண்டு தடவை மடித்தார்.

"உனக்கு மடிப்பு நல்லா வருது," என்றார்.

"மாடியில பேசினது எல்லாம் ஜன்னல் வழியா கேட்டுச்சு," என்றார் மனைவி. "அந்தத் தலைவர் ஒண்ணு மட்டும் சரியாச் சொன்னார்."

"என்ன?"

"சும்மா செஞ்சுகிட்டே இருந்தா கண்ணுக்குத் தெரியாமப் போயிடும்னு."

அவர் பெட்டியை, அதை வைப்பதற்கென்று மேஜையில் இருந்த இரும்புத் தகட்டின் மேல் வைத்தார். சூடாக இருந்த உள்ளங்கையை மனைவியின் தோளில் வைத்து, ஒரு சாண் உயரத்தில் அல்ல, தொட்டு, மெதுவாக அழுத்தினார். மனைவி கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே இருந்தார். தூங்குகிறாளோ என்று அவர் குனிந்து பார்த்தார். தூங்கவில்லை.

இன்னொரு கையால் பெட்டியை ஓரமாக நகர்த்தினார். சட்டைப் பையைத் தட்டிப் பார்த்து, கல்லாச் சாவியை எடுத்து, சத்தம் வராமல் அந்தத் தகட்டின் மேல் வைத்தார்.

மனைவி கண்ணைத் திறந்தார். சாவியைப் பார்த்தார். ஆச்சரியமெல்லாம் படவில்லை. எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"சத்தமே வரலையே, எப்படித் தெரிஞ்சுது?"

"நோட்டு வெச்சாலும் எனக்குக் கேக்கும்," என்றார் மனைவி. "இன்னும் கொஞ்சம் கீழ அழுத்துங்க."